கால்நடை நோயும் இரும்புச் சத்தும்

இராஜஸ்தானத்தில் ஒட்டக வண்டிகளையும், வடநாட்டுச் செங்கற் சூளைகளில் சுமை இழுக்கும் குதிரைகளையும் நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். இவ்விலங்குகளை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றை வாட்டும் நோய்களுள் ஒன்று 'சர்ரா'. கடிக்கும் பெரிய ஈக்கள் அதனைப் பரப்புகின்றன. 1880-ஆம் ஆண்டில், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில்கானில், கிரிபித் எவன்ஸ் என்னும் இராணுவக் கால்நடை மருத்துவர் இந்நோய்க் கிருமியை விலங்குகளின் குருதியில் கண்டறிந்தார்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, வெளுத்த ஈறுகள் ஆகியன இதன் அறிகுறிகள். வெளுப்பைக் கண்டதும், தீனியில் இரும்புச் சத்துப் போதவில்லை என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆயினும் உண்மை வேறு.

உடலிலுள்ள இரும்பில் பெரும்பகுதி குருதியின் செவ்வணுக்களில் இருக்கிறது. முதிர்ந்த செவ்வணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கும் அணுக்கள் சிதைத்து, இரும்பைப் பிரித்தெடுத்து, புதிய அணுக்கள் உருவாவதற்காகத் திருப்பியளிக்கின்றன. தொற்று நேர்ந்தால் இவ்வொழுங்கு மாறுகிறது. கிருமிகள் பெருகுவதற்கும் இரும்பு வேண்டுமாதலால், உடல் அதனை ஒளித்துவைக்க முற்படுகிறது. கல்லீரல் 'ஹெப்சிடின்' என்னும் சிறு புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அறியப்பட்ட இப்புரதம், குடலிலிருந்து இரும்பு குருதியிற் சேர்வதையும், விழுங்கும் அணுக்களிலிருந்து அது வெளிவருவதையும் தடுக்கிறது. முற்றுகையிடப்பட்ட கோட்டையில் நெற்களஞ்சியத்தைப் பூட்டிவைப்பது போன்றது இது. பகைவருக்கு நெல் கிட்டாது. முற்றுகை நீடித்தாலோ கோட்டையினரும் பட்டினி கிடப்பர்.

சர்ராவில் மற்றொரு தீங்கும் சேர்கிறது. கிருமிகளை எதிர்க்கும் உறுப்பாகிய மண்ணீரல் பருக்கிறது. நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன. பெருகிய விழுங்கும் அணுக்கள் வாழ்நாள் முடியாத செவ்வணுக்களையும் அழிக்கின்றன. காக்கும் உறுப்பே இவ்வாறு சோகைக்குத் துணையாகிறது.

ஆகவே, இரும்பு மருந்தை மட்டும் புகட்டிக் காத்திருப்பது பயன் தராது. களஞ்சியம் பூட்டியிருக்கையில் வாய்வழிச் செல்லும் இரும்பு உடலிற் சேர்வது அரிது. இடையில் கிருமி பெருகும், விலங்கு வீழும், அதனோடு ஒரு குடும்பத்தின் வருவாயும் வீழும். முதலில் கால்நடை மருத்துவரைக் கொண்டு குருதியை நுண்பெருக்கியில் ஆராயச் செய்தல் வேண்டும். ஒருமுறை கிருமி தென்படாவிடினும், ஐயமிருந்தால் மீண்டும் ஆராய்தல் நன்று. கிருமி அடங்கினால் பூட்டும் மெல்லத் திறக்கும்.

நாம் வாழும் ஊரில் விலங்கு வளர்ப்போருக்கு இதனை அவர்கள் மொழியிலேயே எடுத்துரைப்போமாக. வந்த இடத்தில் நம்மை ஏற்றுக்கொண்டவர்க்கு நாம் செய்யக்கூடிய எளிய உதவி அது.