பட்டியலில் இல்லாத குரு

கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தென்மேற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கும் ஏலாக்குறிச்சியை அடைக்கல மாதா கோயிலுக்காகப் பலரும் அறிவார்கள். தமிழ் படித்தவர்களுக்கு அது வீரமாமுனிவரின் ஊர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1711 வாக்கில் மதுரை மிஷனுக்கு வந்த பெஸ்கி என்கிற அந்தத் துறவி, இந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடி, இங்குள்ள மாதாவின் மேல் ஒரு கலம்பகமும் செய்தார். தேம்பாவணியையும் சதுரகராதியையும் வைத்தே அவரைப் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் சீடன் எப்படி இருக்க வேண்டும், கீழ்ப்படிதல் என்பது எதுவரை என்ற கேள்விக்கும் அவருடைய உரைநடையில் விடை இருக்கிறது. அது இரண்டு நூல்களில் பிரிந்து கிடக்கிறது: ஒன்று 1727இல் எழுதிய வேதியர் ஒழுக்கம், மற்றது பரமார்த்த குருவின் கதை. முன்னதைப் பக்தி நூல்களோடும் பின்னதைச் சிறுவர் கதைகளோடும் அடுக்கிவிட்டோம். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டியவை.

வேதியர் என்று அவர் அழைப்பது உபதேசியார்களை. அன்றைய மிஷனில் ஒரு குருவானவர் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலப்பரப்பு பெரிது. நினைத்த நேரத்தில் எந்த ஊருக்கும் போய்விட முடியாது. ஜெபம் சொல்லிக்கொடுப்பது, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருப்பது எல்லாம் உபதேசியாரின் பொறுப்பு. அவர் ஒழுங்காக நடக்கிறாரா என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது. இப்படிப்பட்ட ஒருவரைக் கட்டளைகளால் மட்டும் நடத்திவிட முடியாது என்பது வீரமாமுனிவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அவருடைய கவனம் வேலையின் விதிமுறைகளைவிட வேலை செய்பவரின் வாழ்க்கை மீது விழுகிறது. ஊருக்குச் சொல்வதை முதலில் தான் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பதே அந்நூலின் அடிப்படை. மேற்பார்வை இல்லாத இடத்தில் நிற்கிற கீழ்ப்படிதல் உள்ளிருந்து வருவதாகத்தான் இருக்க முடியும்.

உள்ளிருந்து வராத கீழ்ப்படிதல் எப்படி இருக்கும் என்பதைப் பரமார்த்த குருவின் சீடர்களிடம் பார்க்கலாம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐவரும் பணிவில் குறை வைக்காதவர்கள். குதிரை மேல் போகும்போது குருவின் தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லை என்று விட்டுவிட்டு வருகிறார்கள். விழுவதையெல்லாம் எடுங்கள் என்று கடிந்துகொள்கிறார் குரு. அடுத்து விழுந்த குதிரைச் சாணத்தைப் பத்திரமாக ஏந்திக்கொண்டு வருகிறார்கள். எதை எடுக்கலாம் என்று ஓலையில் எழுதித் தர வேண்டியதாகிறது. கடைசியில் குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்து, அதில் கண்ட துணிமணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொள்கிறார்கள்; அவரை மட்டும் தூக்க மறுக்கிறார்கள். காரணம், குருவின் பெயர் பட்டியலில் இல்லை. குழிக்குள் கிடந்தபடியே அவர் தம்மையும் ஓலையில் சேர்த்து எழுதிய பிறகுதான் கரையேற்றுகிறார்கள். கட்டளையின் ஓர் எழுத்தையும் மீறாமல், கட்டளை இட்டவரைக் கைவிட முடியும் என்று காட்ட இதைவிடக் கூர்மையான காட்சி தமிழ் உரைநடையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது பிற சமயத்து மடங்களைக் கேலி செய்ய எழுதியது, கிறிஸ்தவச் சீடத்துவத்தோடு இதை எப்படி இணைப்பது என்று கேட்கலாம். அந்த நோக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் எழுதியவரே காவி உடுத்து, குரு என்று அழைக்கப்பட்டு, சீடர்கள் சூழ வாழ்ந்தவர். தமிழ் கற்க வந்த ஐரோப்பியக் குருமாருக்குப் பாடமாக, லத்தீன் மொழிபெயர்ப்போடு சேர்த்துத்தான் இதை அவர் ஆக்கினார். நாளைக்குக் குருவாக உட்காரப் போகிறவர்கள் கையில் இப்படியொரு கதையைக் கொடுத்தால், கேலி அடுத்த வீட்டோடு நின்றுவிடுமா?

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சீடன் யோசித்துத்தான் பணிவான் என்றால் கீழ்ப்படிதல் எங்கே மிஞ்சும்? வீரமாமுனிவரின் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரே, மேலாளரின் கையில் பிணத்தைப் போல இருக்கச் சொன்னவர் ஆயிற்றே? உண்மைதான். அதே சபை ஒழுங்குகள், ஜெபித்து ஆராய்ந்த பிறகும் மனம் ஒப்பாவிட்டால் மேலாளரிடம் எடுத்துச் சொல்லும் வழியையும் வைத்திருக்கின்றன. பிண உவமையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சுவிசேஷமும் இதற்கு ஒத்துப்போகிறது. தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர் சுவிசேஷங்களில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வானதூதர் சொன்னபடி இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்படுகிறார். ஆனால் வானதூதர் வருவதற்கு முன்பே, மரியாளை ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது என்று தானாக முடிவெடுத்தவரும் அவரே. இயேசு சொன்ன இரு மகன்கள் கதையில், போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு மனம் மாறித் தோட்டத்துக்குப் போனவனே தகப்பனின் விருப்பத்தைச் செய்தவன். சரி என்று உடனே தலையாட்டிவிட்டுப் போகாதவன் அல்ல.

ஆனால், யோசித்துக் கீழ்ப்படிவது என்பது சாக்காகவும் மாறும். அதற்கான சான்றும் இதே மிஷன் வரலாற்றில் இருப்பதால் மறைக்க வேண்டியதில்லை. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்களின் வீட்டுக்கே சென்று திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இயேசு சபையார் எடுத்துச் சொல்லும் உரிமையைப் பயன்படுத்தி ரோமுக்கு முறையிட்டார்கள். ஆதிக்கச் சாதியார் திருச்சபையை விட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். வழக்கு நாற்பது ஆண்டு இழுத்து, 1744இல் போப் பதினான்காம் பெனடிக்டின் ஆணையோடு முடிந்தது. வீரமாமுனிவர் இந்த நாட்டில் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி இந்த வழக்குக் காலம்தான். முடிந்தது என்றேன்; ஆனால் அப்போதும் அந்தச் சமூகத்தாருக்கென்று தனியாகக் குருமாரை ஒதுக்கி வேலியை நிறுத்திவைத்தார்கள். தொழுநோயாளியைத் தொட்ட ஒருவரின் சீடர்கள், சாகக் கிடப்பவரின் குடிசைக்குள் நுழையலாமா என்று நாற்பது ஆண்டு வாதாடியது நியாயமே அல்ல. ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐவரும், ஓலையை எதிர்த்து வழக்காடிய இவர்களும் வந்து சேர்ந்த இடம் ஒன்று: குழியில் கிடந்தவர் அங்கேயே கிடந்தார்.

கேள்வி கேட்டானா, கேட்காமல் செய்தானா என்பதை வைத்துச் சீடனை எடைபோட முடியாது என்பதையே இது காட்டுகிறது. யாருக்காகக் கேட்டான், யாருக்காகச் செய்தான் என்று பார்க்க வேண்டும். இன்றும் பங்குகளில் உபதேசியார்கள் இருக்கிறார்கள். மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. அவர்களுக்கு வேதியர் ஒழுக்கத்தையும் பரமார்த்த குருவின் கதையையும் சேர்த்தே பாடமாக வைக்கலாம். அதை ஏலாக்குறிச்சியிலிருந்து தொடங்கினால் பொருத்தமாகவும் இருக்கும்.