இப்போ நிற்பது கால்வாசிதான்... திருமலை நாயக்கர் மகாலின் மீதி எங்கே போச்சு?

காரியாபட்டியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மதுரை வந்துவிடும். துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, காலேஜுக்கு என வந்துபோகிறவர்களுக்கு விளக்குத்தூண் ஏரியா அத்துப்படி. ஆனால், அங்கே ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் நிற்கும் பத்துத் தூண்களை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்தச் சந்துக்குப் பெயரே 'பத்துத்தூண் சந்து'தான்.

அந்தத் தூண்கள், கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் திருமலை நாயக்கர் மகாலின் உடைந்த துண்டு. அப்படியென்றால், அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்?

யார் கட்டியது?

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், 1636-ல் கட்டிய அரண்மனை இது. சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என இரண்டு முக்கியப் பகுதிகள். கூடவே அந்தப்புரம், கோயில், நாடக அரங்கு, தோட்டம் எல்லாம் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். இசைக் கலைஞர்கள் இருந்த நவபத்கானா இப்போது ஒரு தெருவின் பெயராக மட்டும் இருக்கிறது.

யார் உடைத்தது?

எதிரிகள் என்று நினைத்தால், இல்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அங்கே தனக்கு அரண்மனை கட்ட, தாத்தாவின் அரண்மனையைப் பிரித்துப் பொருட்களை எடுத்துப் போனதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆள் இல்லாத மிச்சத்தை மழையும் வெயிலும் பார்த்துக்கொண்டன. கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் படைவீரர்கள் தங்கவும், பொருட்களைப் போட்டுவைக்கவும் அந்த இடம் பயன்பட்டது.

யார் காப்பாற்றியது?

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, மிஞ்சியதைச் சீரமைக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பணியில் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸோமும் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவர் இவர்தான். காணாமல் போன பகுதிகளைத் திரும்பக் கட்டவில்லை, நின்றதை நிற்கவைத்தார்கள். ஆக, நாம் இன்று பார்ப்பதில் 17-ம் நூற்றாண்டும் உண்டு, 19-ம் நூற்றாண்டும் உண்டு.

அதன் பிறகு மகாலைக் காப்பாற்றியது புழக்கம். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இங்கேதான் நடந்தது. ஆட்கள் வந்துபோகிற கட்டடம் என்பதால் கவனிப்பும் இருந்தது. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1981-ல் ஒலி-ஒளிக் காட்சி வந்தது. 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாட்டில் வரும் தூண்களும் இவைதான்.

இப்போ என்ன பிரச்சினை?

வளைவுகள் செங்கல்லால் ஆனவை. மேலே பளபளக்கும் பூச்சு, முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்பு. இந்தப் பூச்சுதான் கட்டடத்தின் தோல். சாவியால் கிறுக்கி எழுதிய பெயர்களும் ஹார்ட்டின்களும் தூண்களில் வரிசைகட்டி நிற்கின்றன. கீறல் விழுந்த இடத்தில் ஈரம் இறங்கும், சுண்ணாம்பு உதிரும்.

சிமென்ட் வைத்து அடைத்துவிடலாமே? கூடாது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. பக்கத்தில் இருக்கும் பழைய பூச்சும் சேர்ந்து பெயரும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பால்தான் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பக்குவம் தெரிந்த கைகள் வேண்டும், நாளும் பிடிக்கும். கிறுக்க ஒரு நிமிஷம் போதும்.

முக்கால்வாசி போனதற்கு அரசர் காரணம், மழை காரணம் என்று சொல்லிவிடலாம். மீதி கால்வாசிக்கு அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த முறை மதுரைக்கு வந்தால், முதலில் பத்துத்தூண் சந்துக்குப் போய்விட்டு அப்புறம் மகாலுக்கு நடந்து பாருங்கள். இடையில் இருக்கும் கடைகளும் வீடுகளும் ஒருகாலத்தில் எதன் மேல் நிற்கின்றன என்பது புரியும்.