பந்தயக் காரில் பயத்துக்கு என்ன வேலை?

"ரேஸ் ஓட்டுறவனுக்குப் பயமே கிடையாதுப்பா" என்று நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிவியில் ஃபார்முலா ஒன் பார்த்து வந்த எண்ணம் அது. ஹெல்மெட்டுக்குள் இருக்கிற முகம் நமக்குத் தெரிவதில்லையே! வாரம் முழுக்க ஆபீஸ், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று இருக்கிற அமெச்சூர் ஓட்டுநர்களிடம் பேசிப் பாருங்கள், கதை வேறு மாதிரி இருக்கும். முந்தின ராத்திரி தூக்கம் வராது. காலையில் இட்லி தொண்டையில் இறங்காது. காரில் ஏறுவதற்குள் மூன்று தடவை பாத்ரூம். 'அடிவயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று நம்ம ஊரில் சொல்வோமே, அதேதான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதற்கு அடுத்த கட்டம். இதே ஆட்களைக் கேட்டால், "ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் போயிடும்" என்கிறார்கள். எங்கே போகிறது? இதைப் பற்றிப் படித்ததையும் இருங்காட்டுக்கோட்டையில் பார்த்ததையும் சேர்த்து எழுதும் குறிப்பு இது.

இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். சென்னைக்கும் கார் பந்தயத்துக்கும் உறவு பழையது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1950களிலிருந்து பல வருஷம் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. பிறகு 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். புதிதாக வருகிறவர்கள் பலர் ஓட்டிப் பழகியது கோயம்புத்தூரில் உருவான ஃபார்முலா எல்ஜிபி கார். உள்ளே இருப்பது மாருதி எஸ்டீமின் 1300 சிசி இன்ஜின். 'அவ்வளவுதானா?' என்று தோன்றும். தரையோடு தரையாக, தலைக்கு மேல் கூரையில்லாமல் உட்கார்ந்து ஓட்டினால் அந்த இன்ஜினே போதும், ஈரக்குலை நடுங்கிவிடும்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரினலின் அங்கிருந்துதான் வருகிறது. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே 1901 வாக்கில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். ஆபத்து வந்தால் 'சண்டை போடு அல்லது ஓடு' என்று உடம்பு தயாராவதைப் பற்றி அமெரிக்கரான வால்டர் கேனன் 1915ல் விரிவாக எழுதினார். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் நரம்புகள் வழியாக உடனே ஒரு தகவல் போகும், ரத்தம் வழியாக அட்ரினலின் பின்னாலேயே வரும். இதயம் வேகமாக அடிக்கும். கண்மணி விரியும். ஈரலிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் இறங்கும். ஜீரணத்துக்குப் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்பும். இட்லி இறங்காததற்கும் வாய் உலர்வதற்கும் காரணம் இதுதான். புலி துரத்தும்போது யாருக்கு இட்லி வேணும்?

இந்த ஏற்பாடு எல்லாம் கை காலை வீசி ஓடுவதற்கானது. ஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கும் ஓட்டுநரோ ஐந்து இடத்தில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டப்பட்டு, சிவப்பு விளக்கு அணைவதையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். உடம்பு ஓடச் சொல்கிறது, ஓட வழியில்லை. பந்தயம் முழுவதிலும் தாங்கவே முடியாத நேரம் அந்தச் சில நொடிகள்தான் என்று பலரும் சொல்வது அதனால்தான். விளக்கு அணைந்ததும் கிளட்ச், கியர், பிரேக், பக்கத்துக் கார் என்று மூளைக்குக் கை நிறைய வேலை வந்துவிடுகிறது. இதயம் அப்போதும் நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அதைக் கவனிக்க ஆள் இல்லை! பயம் எங்கேயும் போகவில்லை, அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இதோடு முடிந்தால் நல்ல கதை. ஆனால் அட்ரினலின் எல்லா வேலைக்கும் லாயக்கில்லை. 1908ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்பான வழியில் போனால் லேசான மின் அதிர்ச்சி. சுலபமான வேலையாக இருந்தால், அதிர்ச்சி கூடக் கூட எலி வேகமாகக் கற்றது. கஷ்டமான வேலையில் அதிர்ச்சி ஓரளவுக்கு மேல் போனதும் கற்பது மந்தமாகிவிட்டது. எலிக்கு நடந்ததை மனிதனுக்கு அப்படியே பொருத்தக்கூடாதுதான். ஆனாலும் பந்தயத் தடத்தைப் பார்க்க இது நல்ல கண்ணாடி. நேர்கோட்டில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது சுலபமான வேலை, எவ்வளவு பரபரப்பு இருந்தாலும் செய்துவிடலாம். வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்புவது நுட்பமான வேலை. அங்கேதான் அதிகப்படி அட்ரினலின் காலை வாரிவிடும்.

எப்படி? டயருக்கு இருக்கிற பிடிமானம் ஓர் அளவுதான். பிரேக்குக்கும் திருப்புவதற்கும் அதையே பங்கு போட வேண்டும். பதற்றத்தில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பினால் பங்கு தீர்ந்துபோய் கார் வழுக்கும். முதல் சுற்றில் டயர் சூடாகவும் இருக்காது, பிடிமானம் இன்னும் குறைவு. போதாததற்கு, பதற்றத்தில் பார்வை குறுகிவிடும், குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. முன்னால் போகிற கார் மட்டும் தெரியும், ஓரத்தில் ஆட்டுகிற மஞ்சள் கொடி தெரியாது. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது என்று அர்த்தம். 150 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 42 மீட்டர் போகிறது. கால் நொடி தாமதம் என்றால் பத்து மீட்டர், அதாவது இரண்டு கார் நீளத்துக்கும் மேல். அந்தக் கொடிக்குப் பின்னால் கவிழ்ந்த காரும் அதற்கு உதவ ஓடிவரும் மார்ஷலும் இருக்கலாம்.

அதனால்தான் பயிற்சியில் 'பயப்படாதே' என்று சொல்வதோடு நிறுத்துவதில்லை, செய்ய வேண்டியதைச் சொல்கிறார்கள். ஸ்டீயரிங்கைக் கசக்கிப் பிடிக்காதே, விரல் தளரட்டும். மூச்சை அடக்காதே, நேர்கோட்டில் நீளமாக வெளியே விடு. பம்பரைப் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார். கண் போகிற இடத்துக்குத்தான் கை போகும். பைக் ஓட்டுகிறவர்களுக்கும் இது தெரியும்: பள்ளத்தையே முறைத்துப் பார்த்தால் நேராக அதில்தான் போய் விழுவோம். இன்னொன்றும் உண்டு. 2014ல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன்னால் 'அமைதியாக இரு' என்பதைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கு' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்ததைக் காட்டினார். அடிக்கிற இதயத்தை அடக்குவது கஷ்டம். அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

என்னைக் கேட்டால், இதில் அதிகம் பேசப்படாத ஆபத்து கொடி விழுந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அட்ரினலின் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். ஆனால் கூடவே வருகிற கார்ட்டிசால் மெதுவாக ஏறி, இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். கை நடுங்கும், பேச்சு நிற்காது, அப்புறம் திடீரென்று உடம்பு அசந்துபோகும். வேகத்துக்குப் பழகிய கண்ணும் ஏமாற்றும். 60ல் போவது மாட்டுவண்டி மாதிரி தோன்றும், மீட்டரைப் பார்த்தால் 90 இருக்கும். இந்த நிலையில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே பெங்களூர் ஹைவேயில் ஏறுவதை யோசித்துப் பாருங்கள்.

ராத்திரியில் ஈசிஆரில் 'ஒரு இழு இழுக்கலாம்' என்று கிளம்பும் பையன்களுக்கும் சுரப்பது அதே அட்ரினலின்தான். மார்ஷல் கிடையாது, கொடி கிடையாது, வழுக்கினால் போய் நிற்க மணல் கிடையாது. எதிரே வருகிறவர் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டவரும் இல்லை. தடத்தில் பயத்துக்கு இத்தனை பேர் சேர்ந்து ஒரு வேலை கொடுக்கிறார்கள். ரோட்டில் அதற்கு வேலையும் இல்லை, வேலியும் இல்லை.

எனவே பந்தயத்துக்குப் போகிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடிந்ததும் சாவியை வேறு யாரிடமாவது கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து, மோர் குடித்து, காலையில் இறங்காத சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசி எடுக்கிறது என்றால் உடம்பு ஊருக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.