ஆப்பிள் தோட்டங்களின் நடுவே அன்னை பீமகாளி
சிம்லா முதல் ஸராஹன் வரை ஒரு மிதிவண்டி யாத்திரை

'இமயமலையில் சைக்கிள் ஓட்டப் போகிறேன்' என்று பேரன் சொன்னால், வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் எழுவது அச்சம்தான். 'காரும் பேருந்தும் இருக்க, இந்த வீண் சிரமம் எதற்கு?' என்ற கேள்வியும் உடன் எழும். ஆனால் நம் முன்னோர் காசிக்கும் பத்ரிக்கும் எப்படிச் சென்றார்கள் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஊர் ஊராக நடந்து, சத்திரம் சத்திரமாகத் தங்கி, வழியிலுள்ள ஒவ்வொரு தெய்வத்தையும் கைகூப்பிவிட்டுத்தான் சென்றார்கள். விரைவு வாகனங்கள் வந்தபின் சந்நிதி மட்டும் மிஞ்சியது, வழி மறைந்துபோயிற்று. அந்த வழியை நமக்கு மீட்டுத் தருவது மிதிவண்டி.

ஹிமாசலப் பிரதேசத்தில் சிம்லாவிலிருந்து ஸராஹன் பீமகாளி ஆலயம் வரை செல்லும் மலைச்சாலை ஏறக்குறைய 170 கி.மீ. நீளமுள்ளது. தேவதாரு வனங்கள், ஆப்பிள் தோட்டங்கள், புராணச் சிறப்புடைய கிராமங்கள் ஆகியவற்றின் ஊடே செல்லும் இச்சாலை, மிதிவண்டிப் பயணிகளுக்கு மிகவும் உகந்த பாதைகளுள் ஒன்று. அவசரமின்றிச் சென்றால் நான்கு நாட்கள் ஆகும்.

தேவர்களின் மரம்

சிம்லா, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து குஃப்ரி, டியோக், மத்தியானா வழியாக சுமார் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்கண்டாவை அடைவது முதல் நாள் பயணம். தூரம் 60 கி.மீ.க்குச் சற்று மிகும். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும்.

மலையேற்றத்திற்கென்றே மிதிவண்டியில் கியர் அமைப்பு உண்டு. முன்பக்கம் சிறிய பற்சக்கரத்திலும் பின்பக்கம் பெரிய பற்சக்கரத்திலும் சங்கிலி ஓடும்படி மாற்றிக்கொண்டால், மிதிப்பது எளிதாகும்; வேகமோ நடப்பவரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். வலிமையைவிடப் பொறுமையே இங்கே தேவை. மூச்சும் மிதியும் ஒரே சீரில் அமைந்துவிட்டால், நாமஜபம் செய்தபடியே ஏறிவிடலாம்.

அந்த நிதானத்தில்தான் வழி கண்ணுக்குப் புலப்படுகிறது. சாலையின் இருமருங்கும் வானளாவி நிற்பவை தேவதாரு மரங்கள். 'தேவர்களின் மரம்' என்பதே அச்சொல்லின் பொருள். இப்பகுதி ஆலயங்கள் பலவும் அம்மரத்தால் ஆனவை. கருங்கல் ஒரு வரிசை, மரச்சட்டம் ஒரு வரிசை என மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்புவது இம்மலைநாட்டுக் கட்டடக் கலை. 'காட் குனி' என்று இதனைக் கூறுவர். நிலநடுக்கத்தின்போது கல்லுக்கு இடையிலுள்ள மரம் அசைந்து கொடுப்பதால், கட்டடம் எளிதில் இடிவதில்லை.

மண்டோதரியின் சிகரம்

நார்கண்டாவிலிருந்து பிரியும் குறுகிய செங்குத்தான பாதை, சுமார் 3,400 மீட்டர் உயரமுள்ள ஹாட்டு சிகரத்திற்கு ஏறுகிறது. உச்சியில் மரச் சிற்பங்கள் நிறைந்த ஹாட்டு மாதா ஆலயம் அமைந்துள்ளது. இந்த அன்னையை மண்டோதரியாகவே இப்பகுதி மக்கள் வழிபடுகின்றனர். இராவணனின் மனைவியாக இருந்தும் அறத்தின் பக்கம் நின்று அவனுக்கு நல்லுரை சொன்ன அந்த உத்தமியை, பஞ்சகன்னியருள் ஒருத்தியாக நாம் நாள்தோறும் நினைக்கிறோம். அவளுக்கு இமயத்தில் ஒரு சந்நிதி இருப்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அருகிலுள்ள பெரும் பாறைகளை, வனவாசத்தின்போது பாண்டவர்கள் சமைத்த அடுப்பு என்று காட்டுகிறார்கள்.

ஸ்டோக்ஸ், சத்யானந்தர் ஆன கதை

நார்கண்டாவிலிருந்து 16 கி.மீ. அளவில் தானேதார் கிராமம் வருகிறது. அதனைச் சூழ்ந்த கோட்கட் வட்டாரம் முழுவதும் ஆப்பிள் தோட்டங்கள். ஏப்ரலில் மலைச்சரிவெங்கும் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள்; ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சிவந்த கனிகள். ஆலங்கட்டி மழையிலிருந்து காக்க மரங்களின்மேல் வலை விரித்திருப்பார்கள்.

இத்தோட்டங்களுக்கு வித்திட்டவர் ஓர் அமெரிக்கர். சாமுவேல் எவான்ஸ் ஸ்டோக்ஸ், 1882-இல் பிலடெல்பியாவில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1904-இல், தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதற்காக இந்தியா வந்தார். மறு ஆண்டு காங்க்ராவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது நிவாரணப் பணியில் ஈடுபட்டார். பின்னர் இம்மலைப்பகுதிப் பெண்ணையே மணந்து, தானேதாரை அடுத்த பாரோபாக்கில் நிலம் வாங்கி உழவராக வாழத் தொடங்கினார்.

ஆங்கிலேயர் குலூ பள்ளத்தாக்கில் 1870-இலேயே ஆப்பிள் பயிரிட்டிருந்தனர். ஆனால் அது புளிப்பு வகை. ஸ்டோக்ஸ் 1916-இல் தம் தாய்நாட்டிலிருந்து 'ரெட் டெலிஷியஸ்' என்னும் இனிப்பு வகை நாற்றுகளை வரவழைத்து நட்டார். அவை காய்த்துப் பலன் தந்தபோது அந்தப் பலனைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நாற்றுகளை அண்டை அயல் உழவர்களுக்கு வழங்கி வளர்ப்பு முறையையும் கற்பித்தார். வறண்ட சரிவுகளில் வயிற்றுக்குப் போதாத தானியம் விளைவித்த குடும்பங்களுக்கு அது வாழ்வளித்தது.

அதனினும் பெரிய உதவி ஒன்றை அவர் செய்தார். இன்று நாம் மிதித்துச் செல்லும் இந்தச் சாலை, டல்ஹௌசி பிரபு காலத்தில் 1850-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் - திபெத் சாலையின் வழியை ஒட்டியது. இதில் பயணம் செய்த அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகளைக் கிராமத்தார் கட்டாயமாகச் சுமக்க வேண்டியிருந்தது. அறுவடைக் காலமானாலும் அழைப்பு வந்தால் போயாக வேண்டும். 'பேகார்' எனப்பட்ட அந்தக் கொடுமையை எதிர்த்து மக்களைத் திரட்டிப் போராடினார் ஸ்டோக்ஸ். 1921-இல் அது முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு இறுதியில், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் பங்கேற்றதற்காக அவர் கைதாகி, ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

கீதையையும் உபநிடதங்களையும் மூலத்திலேயே பயில விரும்பி அவர் ஸம்ஸ்கிருதம் கற்றார். இளம் வயதிலேயே இறந்துபோன தம் மகன் தாராவின் பெயரால் கிராமத்துக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1932-இல் இந்து தர்மத்தைத் தழுவி 'சத்யானந்த்' ஆனார். மனைவி 'பிரியாதேவி' ஆனார். 1937-இல் தோட்டத்தின் மேட்டில் அவர் எழுப்பியதே பரஞ்ஜோதி ஆலயம். கீதை, உபநிடத வாக்கியங்கள் அங்கே மரத்தில் செதுக்கப்பட்டுள்ளன. சேவை செய்ய வந்த ஒருவர், தாம் சேவை செய்த மக்களின் நெறியிலேயே தம் மன அமைதியைக் கண்டார் என்பதற்கு அந்த ஆலயம் சாட்சி. 1946-இல் அவர் மறைந்தார்.

அவர் நட்ட செல்வத்திற்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது. ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் நெடுநாள் கடுங்குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் நன்கு பூக்கும். பனிப்பொழிவு குறைந்த ஆண்டுகளில் பூவும் குறைகிறது. தாழ்வான இடங்களில் பலர் மாதுளை போன்ற பயிர்களுக்கு மாறிவிட்டனர். ஆப்பிள் மேலும் மேலும் உயரத்தை நோக்கிச் செல்கிறது. மழைக்காக நாம் வருண ஜபம் செய்வதுபோல், இங்குள்ள உழவர்கள் பனிக்காகக் கிராம தேவதையின் முன் நிற்கிறார்கள்.

வசிஷ்டரைக் காத்த நதி

தானேதாரிலிருந்து சட்லெஜ் நதிக்கரைக்கு நெடிய இறக்கம். 1,000 மீட்டருக்கும் மேலாகக் கீழே இறங்க வேண்டும். ஏற்றத்தில் உடல் வருந்தும். இறக்கத்தில் மனம் விழித்திருக்க வேண்டும். பிரேக்கை இடைவிடாது பிடித்தபடி இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறையும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். நடுநடுவே நின்று இளைப்பாற வேண்டும்.

சட்லெஜின் புராணப் பெயர் சதத்ரு. நூறு புதல்வர்களையும் இழந்த வசிஷ்டர், துயரம் தாளாமல் இந்நதியில் விழுந்தபோது, அந்த மகரிஷியின் உயிரைப் போக்க அஞ்சிய நதி நூறு கிளைகளாகப் பிரிந்து ஓடியதாம். மகாபாரதம் கூறும் இக்கதையே பெயர்க் காரணம்.

நதிக்கரையில் இருப்பது ராம்பூர், பழைய புஷஹர் சமஸ்தானத்தின் தலைநகர். எதிர்க்கரையில் மலைமேல் அமைந்த நிர்மண்ட் கிராமத்தில் பரசுராமருக்கு ஆலயம் உண்டு. ஏறக்குறைய 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செப்பேடு ஒன்று இவ்வூரின் தொன்மையைக் காட்டுகிறது. தாயைக் கொன்ற துயரம் தீர அவர் இங்கே தவமிருந்தார் என்பது ஐதிகம்.

அன்னையின் சந்நிதியில்

ராம்பூரிலிருந்து நதியோரமாக 23 கி.மீ. சென்றால் ஜியோரி. அங்கிருந்து ஸராஹனுக்கு 17 கி.மீ. தூரமும் ஏற்றமே. யாத்திரையின் கடினமான பகுதி இதுதான். வளைவுக்கு வளைவு தோட்டங்களும், கற்பலகை வேய்ந்த வீடுகளும் தோன்றித் தோன்றி மறையும்.

மகாபலியின் மைந்தனான பாணாசுரன் ஆண்ட சோணிதபுரமே ஸராஹன் என்பர். அவன் மகள் உஷை கனவில் ஓர் இளைஞனைக் கண்டு காதல் கொண்டதும், தோழி சித்திரலேகை அவனை ஓவியமாக வரைந்து கண்ணனின் பேரன் அநிருத்தன் என அறிந்ததும், அதனால் கண்ணனுக்கும் பாணனுக்கும் போர் மூண்டதும் பாகவதத்தில் நாம் படித்தவை. முனிவர்களைக் காக்க இமயத்தில் பயங்கர வடிவெடுத்து அரக்கரை அழிப்பேன், அப்போது பீமாதேவி எனப் பெயர் பெறுவேன் என்று தேவி மாகாத்மியத்தில் அன்னை வாக்களிக்கிறாள். அந்த வாக்கின் வடிவமே பீமகாளி. சதிதேவியின் செவி விழுந்த சக்தி பீடமாகவும் இத்தலம் போற்றப்படுகிறது.

வெள்ளித் தகடு வேய்ந்த கதவுகளைக் கடந்து உள்ளே சென்றால், கல்லும் மரமும் அடுக்கிய இரு கோபுர மாளிகைகள். 1905 நிலநடுக்கத்தில் பழைய மாளிகை சாய்ந்தது. பின்னர் எழுப்பிய புதிய மாளிகையின் மேல்தளத்தில் இப்போது அன்னை அருள்பாலிக்கிறாள். ரகுநாதர், நரசிம்மர் சந்நிதிகளும் வளாகத்தில் உள்ளன. தலையை மறைத்தே உள்ளே செல்ல வேண்டும். தோல் பொருள்களுக்கு அனுமதி இல்லை. வானம் தெளிந்த நாளில் எதிரே ஸ்ரீகண்ட மகாதேவ் சிகரம் சிவலிங்கமாகவே காட்சி தரும். நான்கு நாள் ஏறி இறங்கிய கால்களுக்கு அந்தத் தரிசனத்தைவிட வேறு ஓய்வு வேண்டுமோ!

செல்வோர் கவனத்திற்கு

டெல்லியிலிருந்து கால்கா வரை ரயில். அங்கிருந்து சிம்லாவுக்கு 1903 முதல் ஓடும் மலை ரயில். மிதிவண்டியில் செல்ல ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் நிலச்சரிவு அபாயம் உண்டு. ஆப்பிள் ஏற்றிய லாரிகளின் நெரிசலும் அதிகம். இளைஞர்களும் முதலிரு நாட்கள் சிம்லாவில் தங்கி, உயரத்திற்கு உடலைப் பழக்கிக்கொள்வது நல்லது.

மிதிக்க இயலாத பெரியவர்கள், பேருந்திலோ காரிலோ இதே வழியில் ஸராஹன் வரை செல்லலாம். இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் புறப்படவும். ஹாட்டு சிகரத்தைத் தவிர்க்கலாம். நார்கண்டாவில் ஓரிரவு, ராம்பூரில் ஓரிரவு எனத் தங்கிச் செல்லுங்கள். வழியில் தானேதாரின் பரஞ்ஜோதி ஆலயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.