காலி டின்னுல கடற்கரை டீ!

கூல்டிரிங்ஸ் குடிச்சு முடிச்சதும் டின்னை நசுக்கித் தூக்கி எறியற பார்ட்டியா நீங்க? ஒரு நிமிஷம் பாஸ்! அதே மாதிரி இன்னொரு டின் கிடைச்சா, சட்டைப் பையில அடங்குற அடுப்பு ஒண்ணு ரெடி. எடை இருபது கிராம்கூட வராது.

ஐடியா ஒண்ணும் புதுசில்ல. கெமிஸ்ட்ரி லேப்ல பார்த்த ஸ்பிரிட் லேம்ப்போட தூரத்துச் சொந்தம்தான் இது. ஸ்வீடன்ல 1925-ல ஆரம்பிச்ச ட்ராங்கியா கம்பெனி, பித்தளையில செஞ்ச ஸ்பிரிட் அடுப்பை இன்னிக்கும் வித்துட்டிருக்கு. அமெரிக்காவுல சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமான அப்பலாச்சியன் டிரெயில்ல மாசக்கணக்கா நடக்குறவங்க, 'பித்தளையைச் சுமக்க முடியாதுப்பா'ன்னு சோடா டின்னுக்கு மாறிட்டாங்க. ராமேஸ்வரம் பக்கம் சைக்கிள்லயும் நடையாவும் சுத்துற நம்ம கேங்குக்கு மட்டும் எதுக்கு வெயிட்டு?

செய்முறை ரொம்ப சிம்பிள். ஒரு டின்னோட அடிப்பக்க விளிம்பைச் சுத்தி குண்டூசியால சம இடைவெளியில 16 ஓட்டை. நடுவுல குழிஞ்சிருக்குற வட்டத்தை வெட்டி எடுத்துடுங்க. அப்புறம் ரெண்டு டின்னையும் அடியிலிருந்து மூணு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டணும். விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், உப்புத்தாளால தேய்ச்சுடுங்க. மீதித் தகட்டுல நாலு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, வளையமா சுருட்டி, கீழ்ப்பக்கம் மூணு இடத்துல சின்னதா வெட்டு விட்டு, உள்சுவரா நிறுத்துங்க. ஒரு பாதியை இன்னொண்ணுக்குள்ள அழுத்திச் செருகினா முடிஞ்சது.

நடுக்குழியில ஸ்பிரிட் ஊத்திப் பத்த வெச்சா, முதல்ல சாதா விளக்கு மாதிரிதான் எரியும். டின் சூடானதும் ரெண்டு சுவருக்கும் நடுவுல போன ஸ்பிரிட் ஆவியாகி, ஊசி ஓட்டை வழியா பீறிடும். கேஸ் அடுப்பு மாதிரியே நீல வளையம்! எத்தனாலோட கொதிநிலை 78 டிகிரிதான், அதனால இதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. பாத்திரத்தை அடுப்பு மேலேயே வெச்சா தீ மூச்சு முட்டி அணைஞ்சிடும். கம்பியால ஒரு ஸ்டாண்ட் வளைச்சு, ஒரு அங்குலம் உயரத்துல நிறுத்துங்க.

எவ்வளவு ஸ்பிரிட் வேணும்? பிசிக்ஸ் பேப்பர்ல படிச்சதை இங்க யூஸ் பண்ணுவோம். 30 டிகிரி தண்ணி அரை லிட்டரைக் கொதிக்க வைக்க சுமார் 147 கிலோஜூல் வேணும். ஒரு மில்லி எத்தனால் சுமார் 21 கிலோஜூல் கொடுக்கும். கணக்குப்படி ஏழு மில்லி போதும். ஆனா சூட்டுல பாதிக்கு மேல வெளியிலயே போயிடும், அதனால 20 மில்லியில ஆரம்பிங்க.

அந்தச் சூட்டை மொத்தமா திருடுறது யாரு? காத்து! ராமேஸ்வரத்து மீனவர்கள் பாக் விரிகுடாவைப் பெண் கடல்னும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல்னும் சொல்வாங்க. கச்சான் காத்து வீசுற மாசங்கள்ல தெற்குக் கரையில நின்னு பாருங்க, ஏன்னு புரியும். பாம்பன்ல 1914-ல திறந்த பழைய ரயில் பாலத்துல ரயில் ஓடின காலத்துலயே காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா சிக்னல் விழாம இருந்துச்சு. இருபது கிராம் டின் எந்த மூலைக்கு?

அதனால டெஸ்ட் பண்ணாம கிளம்பாதீங்க. மொட்டை மாடியில கைப்பிடிச் சுவர் ஓரமா ஒரு தடவை, நடு மாடியில ஒரு தடவை, அதே நடு மாடியில அலுமினியத் தகடு மறைப்போட ஒரு தடவை. மூணுக்கும் அதே 20 மில்லி, அதே அரை லிட்டர். கொதிச்ச நேரம், தீ அணைஞ்ச நேரம் ரெண்டையும் எழுதி வைங்க. மறைப்புக்கும் பாத்திரத்துக்கும் ஒரு விரல் இடைவெளி, கீழ காத்து புக ஓட்டை கட்டாயம். ஹாஸ்டல் ரூம், டென்ட் உள்ளே எல்லாம் மூச்! தீ மட்டுமில்ல, கார்பன் மோனாக்சைடும் இருக்கு.

இனிமே கொஞ்சம் சீரியஸ். வெயில்ல, வெள்ளை மணல்ல இந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சு பாட்டில்ல இருந்து மறுபடி ஊத்தினா, தீ பாட்டிலுக்கே ஏறும். விரல் அளவு பாட்டில்ல ஒரு தடவைக்கானதை மட்டும் அளந்து ஊத்துங்க, பெரிய பாட்டில் பத்தடி தள்ளி இருக்கட்டும். அணைக்கணுமா? ஒரு டம்ளரைக் கவிழ்த்தா போதும்.

அடுத்தது எரிபொருள். மெத்தனால் பக்கமே போகாதீங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேற்பட்டவங்க உயிரைக் குடிச்சது அதுதான். ஆவியும் விஷம், தோல் வழியாவும் உள்ள போகும். தமிழ்நாட்டுல அதுவும் டீநேச்சர்டு ஸ்பிரிட்டும் லைசென்ஸ் கட்டுப்பாட்டுல இருக்குற சரக்கு. காலேஜ் லேப் பாட்டிலை லவட்டலாம்னு நினைக்காதீங்க, லேபிள் மங்கிப் போயிருந்தா உள்ள இருக்குறது எதுன்னு அட்டெண்டருக்கே தெரியாது. மெடிக்கல் ஷாப்புல சர்ஜிக்கல் ஸ்பிரிட் சின்ன பாட்டில் வாங்குங்க. லேபிள்ல எத்தில் ஆல்கஹால்னு இருக்கணும். ஐசோபுரொப்பைல்னா மஞ்சள் தீ, பாத்திரம் பூரா கரி.

ரயில்ல போறவங்க டின்னை மட்டும் எடுத்துட்டுப் போங்க, ஸ்பிரிட்டை ராமேஸ்வரத்துல வாங்கிக்கலாம். எரியக்கூடிய பொருளை ரயில்ல கொண்டுபோனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு ரயில்வே சட்டமே சொல்லுது. 2023 ஆகஸ்ட்ல மதுரையில நின்ன சுற்றுலா ரயில் பெட்டியில, திருட்டுத்தனமா ஏத்தின கேஸ் சிலிண்டரால 9 பேர் செத்துப் போனாங்க.

எங்க போய் பத்த வைக்கலாம்? மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம கால் வைக்கக்கூடாது. தனுஷ்கோடியில சாயங்காலத்துக்கு மேல தங்க விடமாட்டாங்க. உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை பெண் கடல் ஓரம்தான், காலையில காத்து கிளம்புறதுக்கு முந்தி போயிடுங்க. காய்ஞ்ச சவுக்குச் சருகு இல்லாத வெறும் மணலாப் பார்த்து உட்காருங்க. பால் பவுடர், டீத்தூள், சர்க்கரையை வீட்டுலயே கலந்து பொட்டலம் கட்டிட்டா, தண்ணி கொதிக்க வேண்டியதுதான் பாக்கி.