குடியரசும் ஜனநாயகமும்

ஜனநாயகம் என்றாலும் குடியரசு என்றாலும் பொருள் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். தேர்தல் நாளில் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டால் இரண்டும் கைகூடிவிட்டன என்பது அவர்தம் கருத்து. எல்லைப்புறத்தில் வாழும் நமக்கோ இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

1948-ஆம் ஆண்டைச் சற்றே நினைவு கூர்வோம். அவ்வாண்டின் தொடக்கத்தில், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்துத் திருவிதாங்கூரில் தேர்தல் நடைபெற்றது. தேவிகுளம், பீர்மேடு மலைகள் அப்பொழுது அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. வாக்குச் சீட்டு வந்தது. மகாராஜாவோ அரியணையிலேயே இருந்தார். அதாவது, ஜனநாயகம் வந்தது, குடியரசு வரவில்லை. இங்கிலாந்தில் இன்றும் அந்நிலைதான். 1950 ஜனவரி 26-இல் பாரதம் குடியரசாயிற்று. ஆயினும் அதே மகாராஜா ராஜப்பிரமுகர் என்னும் புதுப் பெயருடன் 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் வீற்றிருந்தார் என்பது வேடிக்கையே.

அரசன் இல்லாமை குடியரசின் பாதி இலக்கணம். பெரும்பான்மையோரும் சட்டத்துக்கு அடங்கியவரே என்பது நம் அரசியற் சட்டம் வகுத்த மறு பாதி. இது நமக்குக் கசந்ததும் உண்டு, இனித்ததும் உண்டு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்திருந்தும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. எல்லை வகுக்கும் அதிகாரம் 3-ஆம் பிரிவின்படி பார்லிமெண்டினுடையது. தாலுகாவில் தலைகளை எண்ணி முடிவு செய்வதன்று.

2011 கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. எண்ணிக்கையே நீதி எனில் நம் சொல் எங்கே எடுபடும்? ஆயினும் 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க வசதி செய்ய முயலுமாறு மாநிலத்தைப் பணிக்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமோ, நாம் தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுதலாம், விடையும் தமிழிலேயே வரவேண்டும் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் எத்துணைப் பேர்?

அண்மைக்காலச் செய்தி ஒன்று. 2021 தேர்தலில் தேவிகுளம் தனித் தொகுதியில் ஆ. ராஜா 7,848 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்று, சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் செய்தார். மொழிபெயர்ப்பில் ஒரு சொற்றொடர் விடுபட்டமையால் மீண்டும் பிரமாணம் செய்ய நேர்ந்தது! பின்னர், அவர் தனித் தொகுதிக்கு உரியவர் அல்லர் என வழக்கு எழுந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அத்தேர்தல் செல்லாது என்றது; 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி வெற்றியை நிலைநாட்டியது. வாக்காளர் அளித்த வெற்றி ஈராண்டுக் காலம் நீதிமன்றத்தில் தொங்கிற்று.

அவர் முன்னோர் எப்பொழுது மலைநாட்டில் குடியேறினர் என்பதும் அவ்வழக்கில் வாதிக்கப்பட்டது. நேயர் இல்லங்களில் பாட்டனார் காலத்துத் தோட்டப் பதிவுத் தாள் எதுவேனும் இருப்பின், கரையான் அரிக்குமுன் எடுத்துப் பத்திரப்படுத்துவது நன்று.