பகடை விழும் முன்னே விதியைச் சொல்லுங்கள்

விளையாட்டில் தோற்றால் வருத்தம் வரும், மறுநாள் மறந்துபோகும். ஆனால் நடுவர் ஓரவஞ்சனை செய்தார் என்ற எண்ணம் வந்துவிட்டால், அந்தக் கசப்பு எளிதில் போகாது. இந்த வாரம் நம் அரங்கில் அதைத்தான் பேசப் போகிறோம்.

கேமரன் மலை, லெம்பா பெர்த்தாம் பக்கம் மாலை மழை பிடித்துக்கொண்டால் திடலில் பந்து உதைக்க முடியாது. தேயிலைத் தோட்டத்து வீடுகளில் தாயமும் கேரமும் ஆடிய அந்த நேரத்தில், இன்று சில இளைஞர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாட்டம் ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அக்கா, கேம் மாஸ்டர் தன் கூட்டாளிக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதி வைக்கிறான். அப்புறம் நான் எதற்கு ஆட வேண்டும்?"

நியாயமான கேள்வி.

அது என்ன கதையாட்டம்? 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு முன்னோடி. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசிப் பேசியே கதையை நகர்த்துவார்கள். கதை சொல்பவர், எதிரிகளாக வருபவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் ஒருவரே. அவர்தான் கேம் மாஸ்டர். முதல் பதிப்பில் அவருக்கு நடுவர் என்றே பெயர்.

ஒருவர் மதிலைத் தாண்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். எளிய செயலுக்கு 10, நடுத்தரச் செயலுக்கு 15, கடினமானதற்கு 20 எடுக்க வேண்டும். எது எளிது, எது கடினம் என்று முடிவு செய்பவர் கேம் மாஸ்டர். ஒரே மதிலைத் தாண்ட நேற்று ஒருவருக்கு 10, இன்று இன்னொருவருக்கு 15 என்றால், அங்கே ஆட்டம் செத்துவிடுகிறது.

விதி தெளிவாக இல்லாவிட்டால் பெரிய அரங்கிலும் இதே கதைதான். நம் சடுகுடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 7ஆம் நாள், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி இறுதியாட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலை. பாடிப் போன பவன் செராவத், யாரையும் தொடாமலே ஓரத்து லாபிக்குள் கால் வைத்துவிட்டார். ஈரான் வீரர்களும் அவரைத் துரத்தி உள்ளே போனார்கள். பழைய விதிப்படி பின்தொடர்ந்தவர்களும் வெளியே. புதிய விதிப்படி பாடிப் போனவர் மட்டுமே வெளியே. எந்த விதி செல்லும்? தீர்ப்பு மாறி மாறி வந்தது. வீரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. தங்கம் கிடைத்தது, சர்ச்சையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? பழைய விதி, புதிய விதி இரண்டில் எதுவும் அநியாயமானதல்ல. எது செல்லும் என்பது ஆட்டத்தின் நடுவே விவாதத்துக்கு வந்ததுதான் கோளாறு.

ஆகவே கேம் மாஸ்டராக உட்காரும் தம்பி தங்கைகளுக்கு மூன்று சொற்கள். ஒன்று, எத்தனை எடுக்க வேண்டும் என்பதைப் பகடை விழும் முன்னே சொல்லுங்கள். இரண்டு, சொன்ன தீர்ப்பை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே நிலைமை வந்தால் அதே தீர்ப்பு. மூன்று, விதி சரியில்லை என்று தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் அடுத்த ஆட்டத்திலிருந்து, எல்லாருக்கும் அறிவித்துவிட்டு மாற்றுங்கள்.

"அப்படியென்றால் இரக்கமே காட்டக் கூடாதா?" என்று கேட்பீர்கள். காட்டலாம். புதிதாக ஆட வந்தவருக்கு இன்னொரு முறை உருட்ட வாய்ப்புத் தரலாம். அதே வாய்ப்பு அடுத்து வரும் புதியவருக்கும் உண்டு என்றால் அது இரக்கம். கூட்டாளிக்கு மட்டும் என்றால் அது பாரபட்சம்.

நாலைந்து பேர் கூடும் மேசை அது. மனம் கசந்து ஒருவர் எழுந்து போனால் ஆட்டமே கலைந்துவிடும். சிறிய தோட்டத்தில் அந்த நாலைந்து பேர்தான் பள்ளியிலும், கோயில் திருவிழாவிலும், பந்துக் குழுவிலும் ஒன்றாக நிற்பவர்கள். மேசையில் போன நம்பிக்கை, வெளியிலும் திரும்பி வருவது கடினம். நடுவர் நாற்காலியில் உட்காருபவர்கள் இதை மனத்தில் வைத்தால் போதும்.